வாட்டர் பாட்டிலில் ஆசிட், கூல்டிரிங்ஸ் பாட்டிலில் பினாயில்: லேபிள் யார் ஒட்டுவது?

#1 ரயில்வேகேட்_வாசி (கொருக்குப்பேட்டை)

மீன்பாடி வண்டியில் மைக் கட்டி, பினாயில், ஆசிட், ப்ளீச்சிங் பவுடர் என்று கூவிக்கொண்டு வருகிறார்களே, அந்தப் பாட்டில்களைப் பற்றி இங்கே பேச வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். காயலான் கடையில் எடுத்த பழைய வாட்டர் பாட்டில், கூல்டிரிங்ஸ் பாட்டில். உள்ளே ஆசிட். வெளியே அந்தத் தண்ணீர் கம்பெனியின் லேபிள் பாதி கிழிந்து தொங்கும், அல்லது எதுவுமே இருக்காது. ஆசிட்டைப் பார்த்தால் தண்ணீர்தான். வெள்ளை பினாயிலில் தண்ணீர் ஊற்றினால் பால் நிறம். கறுப்பு பினாயிலை கூல்டிரிங்ஸ் பாட்டிலில் ஊற்றி வைத்தால் அவசரத்தில் பெரியவர்களுக்கே வித்தியாசம் தெரியாது.

நம் வட சென்னை ஜனங்களுக்குக் கெமிக்கல் ஆபத்தைப் பற்றி யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு எண்ணூரில் எண்ணெய் பரவியது. அதே மாதம் 26ஆம் தேதி ராத்திரி பெரியகுப்பம் பக்கம் அம்மோனியா கசிந்து, தூக்கத்திலிருந்து எழுந்து ஓடினார்கள். ரோட்டில் இறங்கிக் கேள்வி கேட்டோம். ஆனால் சமையல் மேடைக்குக் கீழே, குடத்துக்குப் பக்கத்தில் நிற்கிற பாட்டிலைப் பற்றி ஒரு கேள்வியும் இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்று தேடிப் படித்தேன். கொசு லிக்விட், கரப்பான் ஸ்ப்ரே, எலி மருந்து எல்லாம் 1968ஆம் வருடத்துப் பூச்சிக்கொல்லிச் சட்டத்துக்குள் வருகின்றன. 1971 விதிகள்படி அந்த லேபிளில் ஒரு முக்கோணம் இருக்க வேண்டும். சிவப்பு என்றால் கொடிய விஷம், அடுத்து மஞ்சள், நீலம், கடைசியில் பச்சை. சாப்பிட்டுவிட்டால் என்ன செய்வது என்று போட வேண்டும். இந்தி, ஆங்கிலத்தோடு விற்கிற ஊரின் மொழியிலும் அச்சடிக்க வேண்டும். அதாவது இங்கே தமிழ் கட்டாயம்.

கக்கூஸ் கழுவுகிற ஆசிட் அந்தச் சட்டத்தில் வராது. பாக்கெட்டில் அடைத்த பொருளுக்கான 2011 விதிகள்தான் அதற்கு. பெயர், முகவரி, அளவு, விலை, மாதம் மாதிரி விவரங்கள் போட்டால் போதும். அதையும் இந்தியிலோ ஆங்கிலத்திலோ போடலாம் என்கிறது. வேறு மொழியைக் கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளலாம் என்று ஒரு வரி இருக்கிறது, கட்டாயம் இல்லை. குடித்தால் தொண்டை வெந்துபோகும் என்று சொல்லச் சொல்லி அந்த விதியில் எங்கும் இல்லை.

கரப்பானைக் கொல்கிற மருந்துக்குத் தமிழும் முக்கோணமும் கட்டாயம் என்றால், பிள்ளையின் தொண்டையைப் பொசுக்குகிற ஆசிட்டுக்கு ஏன் இல்லை? வண்டியில் விற்கிற சில்லறைப் பாட்டிலுக்கும் சேர்த்துத்தான் கேட்கிறேன். என்ன செய்யலாம், சொல்லுங்கள்.

#2 எருக்கஞ்சேரி_அப்பா

நண்பரே, ஆதங்கம் புரிகிறது. ஆனால் லேபிளை யார் படிக்கிறார்கள்? காலேஜ் படித்தவர்களே மருந்துச் சீட்டைப் படிப்பதில்லை. இரண்டு வயசுப் பிள்ளை முக்கோணம் பார்த்தா பாட்டிலைத் திறக்கப் போகிறது? பெற்றவர்கள்தான் மேலே தூக்கி வைக்க வேண்டும். 2024 நவம்பரில் குன்றத்தூரில் எலி மருந்து வைத்த வீட்டில் தூங்கிய இரண்டு குழந்தைகள் இறந்து போனார்கள். மருந்து வைத்தது அதையே தொழிலாகச் செய்கிற ஆட்கள். அங்கே லேபிள் இருந்து என்ன ஆகியிருக்கும்?

#3 ஓய்வுபெற்ற_சிஸ்டர் (பழைய வண்ணாரப்பேட்டை)

எருக்கஞ்சேரி தம்பி, லேபிள் வாங்குகிறவர் படிப்பதற்கு மட்டும் இல்லை. ராத்திரி ஒரு மணிக்குக் கேஷுவால்டியில் நிற்கிற டாக்டர் படிப்பதற்கும்தான். அவசரப் பிரிவில் பல காலம் வேலை பார்த்தவள் நான். அந்த அனுபவத்தில் சொல்கிறேன், கேளுங்கள்.

பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடி வருவார்கள். "என்னம்மா குடிச்சான்?" என்று கேட்டால் "பாத்ரூம்ல இருந்த பாட்டில்" என்பார்கள். அது ஆசிட்டா, பினாயிலா, ப்ளீச்சிங் கரைசலா, கெரசினா? ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு. ஆசிட் போன வழியெல்லாம் புண்ணாக்கும். அடைப்பு எடுக்கிற பவுடரில் இருப்பது காஸ்டிக் சோடா. அது ஆசிட்டைவிட ஆழமாக உணவுக்குழாயை அரித்துக்கொண்டு போகும். ஆறின பிறகும் தழும்பு சுருங்கி, சாப்பாடு இறங்காமல் போன பிள்ளைகள் உண்டு. கெரசினும், கெரசின் சேர்ந்த கொசு லிக்விடும் வயிற்றில் செய்வதைவிட நுரையீரலில் செய்கிற கெடுதல் அதிகம். புரையேறி மூச்சுக்குழாயில் ஒரு சொட்டு போனாலே நிமோனியா மாதிரி ஆகிவிடும்.

இதில் வீட்டு வைத்தியம் வேறு. உப்புத் தண்ணீர் கொடுப்பது, புளி கரைத்துக் கொடுப்பது, விரலைவிட்டு வாந்தி எடுக்க வைப்பது. தயவுசெய்து செய்யாதீர்கள். ஆசிட் உள்ளே போகும்போது ஒருமுறை சுடும், வாந்தியாக வரும்போது இன்னொருமுறை சுடும். கெரசின் குடித்த பிள்ளை வாந்தி எடுத்தால் அதுவே நுரையீரலுக்குப் போகும். வாயைத் துடைத்துவிட்டு, பாட்டிலையும் கையோடு எடுத்துக்கொண்டு, 108ஐக் கூப்பிடுங்கள். இல்லையென்றால் ஆட்டோ பிடித்து ஸ்டான்லியோ எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையோ, எது பக்கமோ அங்கே ஓடுங்கள். கண்ணிலோ தோலிலோ பட்டால் ஓடுகிற தண்ணீரில் 15, 20 நிமிஷம் விடாமல் கழுவ வேண்டும். டெல்லி எய்ம்ஸில் தேசிய விஷத் தகவல் மையம் இருக்கிறது. எண் 1800 116 117. காசு கிடையாது, 24 மணி நேரமும் எடுப்பார்கள். ஆனால் அவர்கள் கேட்கிற முதல் கேள்வியும் "என்ன பொருள்?" என்பதுதான்.

இன்னும் இரண்டு சொல்ல வேண்டும். பீரோவில் போடுகிற பாச்சா உருண்டையை மிட்டாய் என்று பிள்ளைகள் வாயில் போடுகிறார்கள். ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ள பிள்ளைகளுக்கு அது ரத்தச் சிவப்பணுக்களை உடைத்துவிடும். அப்புறம் எலி பேஸ்ட். மஞ்சள் பாஸ்பரஸ் கலந்தது. சாப்பிட்ட மறுநாள் ஆள் தெளிவாக இருப்பார், ஒன்றுமில்லை என்று வீட்டுக்குக் கூட்டிப்போய்விடுவார்கள். இரண்டு மூன்று நாளில் கல்லீரல் கெட்டுத் திரும்ப வருவார். அந்த 3 சதவீத பேஸ்ட்டைத் தமிழ்நாடு அரசு தடை செய்திருக்கிறது. பழைய டியூப் வீட்டில் எங்காவது கிடந்தால், பிள்ளைகளை அந்தப் பக்கம் விடாமல் அப்புறப்படுத்துங்கள்.

#4 மளிகை_மூலக்கடை

கடைக்காரன் பக்கத்தையும் கேளுங்கள். என் கடையில் கம்பெனி டாய்லெட் கிளீனரும் இருக்கிறது, லூஸ் பினாயிலும் இருக்கிறது. லூஸ் பாதி விலைக்கும் கீழே. தினக்கூலி வாங்குகிற வீட்டில் அதைத்தான் கேட்கிறார்கள், நான் இல்லை என்றால் வண்டிக்காரரிடம் வாங்குவார்கள்.

ஆசிட்டை நான் நிறுத்திவிட்டேன். 2013 ஜூலை 18ஆம் தேதி ஆசிட் வீச்சில் பாதிக்கப்பட்ட லட்சுமி தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் போட்ட உத்தரவை எங்கள் வியாபாரிகள் சங்கத்தில் படித்துச் சொன்னார்கள். வாங்குகிறவர் பெயர், முகவரி, எதற்கு வாங்குகிறார், அடையாள அட்டை எல்லாம் எழுதி வைக்க வேண்டும். 18 வயசுக்குக் கீழே கொடுக்கவே கூடாது. ஸ்டாக்கை அதிகாரியிடம் தெரிவிக்க வேண்டும். மீறினால் 50,000 ரூபாய் வரை அபராதம். ஒரு பாட்டில் ஆசிட்டுக்கு யாரிடம் போய் ஆதார் கேட்பது? பாரிமுனைப் பக்கத்துக் கெமிக்கல் கடையில் கேனாக எடுத்துத் தெருவில் ஊற்றிக் கொடுப்பவரிடம் யாரும் நோட்டுப் புத்தகம் கேட்பதில்லை.

ஒன்று சொல்கிறேன். கம்பெனி டாய்லெட் கிளீனரில் ஹைட்ரோகுளோரிக் ஆசிட் சுமார் 10 சதவீதம்தான், பாட்டிலிலேயே போட்டிருக்கிறது. கேனில் வருவது 30 சதவீதத்துக்கு மேல். வண்டிக்காரர் அதில் எவ்வளவு தண்ணீர் கலந்தார் என்று அவருக்கே தெரியாது.

#5 வியாசை_குழு_அக்கா (வியாசர்பாடி)

இந்த இழையைப் படிக்கும்போது எனக்குக் கோபம் வருகிறது, மறைக்க விரும்பவில்லை. எங்கள் மகளிர் சுய உதவிக் குழுவில் வெள்ளை பினாயிலும் பாத்திரம் கழுவுகிற லிக்விடும் செய்கிறோம். பயிற்சி எடுத்து, கடன் வாங்கி, வீடு வீடாகப் போய் விற்கிறோம். புருஷன் சம்பாதிக்காத வீட்டில் பள்ளிக்கூடச் செலவு இதில்தான் ஓடுகிறது. "லூஸ் பாட்டிலைத் தடை செய்" என்று ஆரம்பித்தால் முதலில் அடிபடுவது நாங்கள்தான். பெரிய கம்பெனிக்காரன் பளபளவென்று லேபிள் அடித்துவிடுவான். அவன் லேபிளும் ஆங்கிலத்தில்தான், எழுத்தும் கடுகு அளவு. அதை எங்கள் தெருவில் யார் படித்தார்கள்?

எங்கள் பினாயிலில் ஆசிட் கிடையாது. பைன் ஆயிலும், எண்ணெயைத் தண்ணீரோடு கலக்க வைக்கிற எமல்சிஃபையரும் சேர்ந்த காம்பவுண்டு, தண்ணீர், வாசனை. அவ்வளவுதான். எங்களையும் ஆசிட் விற்பவரையும் ஒரே தராசில் வைக்காதீர்கள்.

#6 ரயில்வேகேட்_வாசி

அக்கா, தடை செய் என்று நான் எழுதவில்லை. உங்கள் பாட்டில் மேலே உங்கள் குழுவின் பெயர் இருக்க வேண்டும், உள்ளே என்ன என்று தமிழில் இருக்க வேண்டும் என்கிறேன். அது உங்களுக்கு விளம்பரமும்கூட.

#7 மணலி_ஷிப்ட்

கெமிக்கல் பிளான்ட்டில் ஷிப்ட் பார்க்கிறேன். ரயில்வேகேட் அண்ணன் சொன்னதில் விட்டுப்போனது ஒன்று இருக்கிறது.

அந்த ஆசிட் டிரம்மில் இருக்கும்போது அதற்கு முழு லேபிள் உண்டு. 1989ஆம் வருடத்து அபாயகரமான ரசாயன விதிகள்படி, உள்ளே என்ன, தயாரித்தவர் யார், அதன் விஷத்தன்மை என்ன என்று ஒவ்வொரு கலத்திலும் குறிக்க வேண்டும். கூடவே பாதுகாப்புத் தகவல் தாள் ஒன்று வரும். சிவப்புக் கட்டம் போட்ட சாய்சதுரத்துக்குள் கையிலும் இரும்பிலும் ஆசிட் சொட்டி அரிக்கிற படம் பார்த்திருப்பீர்கள். ஐ.நா. 2003இல் கொண்டுவந்த உலகப் பொது அடையாள முறை அது. படிக்கத் தெரியாத ஆளுக்கும் புரியும். கையுறை, கண்ணாடி, பூட்ஸ் இல்லாமல் எங்களை டிரம் பக்கத்திலேயே விடமாட்டார்கள்.

அதே சரக்கு டிரம்மிலிருந்து கேனுக்கும், கேனிலிருந்து பாட்டிலுக்கும் இறங்க இறங்க ஒவ்வொரு படியிலும் லேபிள் உதிர்ந்துகொண்டே வருகிறது. பயிற்சி எடுத்த எனக்கு எல்லா எச்சரிக்கையும் கிடைக்கிறது. பயிற்சி இல்லாத என் அம்மாவுக்குப் பழைய வாட்டர் பாட்டில் கிடைக்கிறது. எனக்கு மனசு ஆறாமல் இருப்பது இதுதான்.

இன்னொரு விஷயம், கட்டாயம் எல்லாரும் வீட்டில் சொல்லுங்கள். ஆசிட்டையும் ப்ளீச்சிங் பவுடரையும் சேர்த்துப் போடாதீர்கள். நன்றாக வெளுக்கும் என்று நினைத்து இரண்டையும் கொட்டுகிறார்கள். சேர்ந்தவுடன் குளோரின் வாயு வரும். அது காற்றைவிடக் கனம், தரையோடு தேங்கும். ஜன்னல் இல்லாத ஹவுசிங் போர்டு கக்கூஸில் குனிந்து தேய்க்கிறவர் முகத்தில்தான் முதலில் அடிக்கும். கண் எரிந்து இருமல் வந்தால் உடனே வெளியே வாருங்கள், மிச்சத்தையும் தேய்த்து முடித்துவிடலாம் என்று நிற்காதீர்கள். அடைப்பு எடுக்கிற பவுடரைப் போட்ட குழாயில் ஆசிட்டை ஊற்றுவதும் அப்படித்தான், சூடாகி முகத்தில் தெறிக்கும். ஒரு லேபிளில் ஒரே ஒரு வரிக்குத்தான் இடம் என்றால் "வேறு எதனோடும் கலக்காதே" என்ற வரியைத்தான் போடச் சொல்வேன்.

#8 பாரிமுனை_வக்கீல்

சட்டப் பக்கம் சில தெளிவு.

லூஸாக விற்றால் லேபிள் வேண்டாம் என்று வியாபாரிகள் நினைக்கிறார்கள். எடையளவுச் சட்டம் 2009 அப்படிச் சொல்லவில்லை. வாங்குகிறவர் எதிரில் இல்லாதபோது முன்கூட்டியே குறிப்பிட்ட அளவில் அடைத்து வைத்தால் அது பாக்கெட் பொருள்தான், சீல் வைத்திருந்தாலும் வைக்காவிட்டாலும். ஆக காலையில் வரிசையாக ஒரு லிட்டர் பாட்டிலில் ஊற்றி வண்டியில் அடுக்கினால் 2011 விதிகள் அதற்கும் பொருந்தும். கேனிலிருந்து உங்கள் கண்ணெதிரே உங்கள் பாத்திரத்தில் ஊற்றினால்தான் வேறு கணக்கு. தமிழ்நாட்டில் இதைப் பார்ப்பது தொழிலாளர் துறை, எடையளவு ஆய்வாளர்கள் அங்கேதான் இருக்கிறார்கள். எங்கே புகார் செய்வது என்று குழப்பமாக இருந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, தமிழிலேயே பேசலாம்.

அடுத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019. இதில் பொருளால் வரும் பாதிப்புக்குப் பொறுப்பு என்று தனி அத்தியாயமே இருக்கிறது, 82 முதல் 87 வரையிலான பிரிவுகள். சரியான பயன்பாட்டு முறையோ எச்சரிக்கையோ இல்லாமல் விற்றதும் தயாரிப்பாளர் மேல் குறைதான். 86ஆம் பிரிவைக் கடைக்காரர்கள் கவனமாகப் படிக்க வேண்டும். தயாரிப்பாளர் யார் என்றே தெரியாத பொருளை விற்று அதனால் பாதிப்பு வந்தால், விற்றவரே பொறுப்பு. மூலக்கடை அண்ணாச்சி, பெயர் இல்லாத பாட்டிலை அலமாரியில் வைத்திருக்கிற ஒவ்வொரு நாளும் அந்தப் பொறுப்பு உங்கள் தலையில்தான் இருக்கிறது. வட சென்னைக்குத் தனியாக மாவட்ட நுகர்வோர் ஆணையம் உண்டு. 5 லட்சம் ரூபாய் வரை விலை கொடுத்து வாங்கிய பொருள் என்றால் கட்டணமே இல்லை.

பெரிய இடத்தில் மட்டும் சட்டம் செல்லாது என்றும் நினைக்க வேண்டாம். 2022இல் ஐஎஸ்ஐ முத்திரை இல்லாத பிரஷர் குக்கர்களை விற்கவிட்டதற்காகப் பெரிய ஆன்லைன் நிறுவனங்களுக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் தலா ஒரு லட்சம் அபராதம் போட்டு, விற்ற குக்கர்களைத் திரும்ப வாங்கிக்கொண்டு பணத்தைக் கொடுக்கச் சொன்னது.

#9 தண்டையார்_வயர்மேன்

குக்கர் பேச்சு வந்ததால் நானும் சேர்ந்துகொள்கிறேன். பினாயிலிலிருந்து கொஞ்சம் விலகல், ஆனால் இதுவும் லேபிள் பிரச்சினைதான்.

பிளாட்பாரத்தில் விற்கிற வாட்டர் ஹீட்டர் ராடு, எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் எல்லாவற்றிலும் ஐஎஸ்ஐ முத்திரை குத்தியிருக்கும். முத்திரையை யாரும் குத்தலாம். மேலே ஐஎஸ் என்ற தரநிலை எண்ணும் கீழே "சிஎம்/எல்" என்று தொடங்குகிற லைசென்ஸ் எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். ராடுக்கு ஐஎஸ் 302-2-201, பிளக் சாக்கெட்டுக்கு 1293, வயருக்கு 694. அந்த லைசென்ஸ் எண்ணை, ஐஎஸ்ஐ முத்திரை கொடுக்கிற அரசு அமைப்பின் "பிஐஎஸ் கேர்" ஆப்பில் போட்டால் எந்தக் கம்பெனி, எந்தப் பொருள், இன்னும் செல்லுமா என்று வந்துவிடும். சுவிட்ச் கம்பெனி எண்ணை ராடு மேல் அடித்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். போன் சார்ஜருக்கு ஐஎஸ்ஐ கிடையாது, "ஆர்" என்று தொடங்குகிற பதிவு எண் இருக்கும், அதையும் அதே ஆப்பில் பார்க்கலாம். பொம்மைகளுக்கு 2021 ஜனவரி 1 முதல் ஐஎஸ்ஐ கட்டாயம்.

கேஸ் டியூபைப் பாருங்கள். ஆரஞ்சு நிற சுரக்ஷா டியூபில் ஐஎஸ் 9573 என்றும் எந்த வருடம் வரை என்றும் அச்சடித்திருக்கும். 5 வருஷம்தான் ஆயுசு. மீனவர் குப்பத்து வீடுகளில் உப்புக் காற்றில் ரெகுலேட்டர் பக்கத்துக் கிளிப் துருப்பிடிக்கிறது, அதையும் சேர்த்துப் பாருங்கள்.

பினாயிலுக்கும் தரநிலை இருக்கிறது. ஐஎஸ் 1061. கிருமியைக் கொல்கிற சக்தியை வைத்து மூன்று கிரேடு பிரித்திருக்கிறார்கள். நம் தெருவுக்கு வருகிற பாட்டில் எதிலும் அதை நான் பார்த்ததில்லை.

#10 எருக்கஞ்சேரி_அப்பா

டாக்டருக்காக லேபிள் என்று சிஸ்டர் சொன்னதை ஒத்துக்கொள்கிறேன், அது நியாயம். ஆனாலும் தடுப்பது வீட்டில்தான். இதை வைத்து அரசாங்கத்திடம் மனு கொடுத்துக்கொண்டு இருப்பதைவிட, பாட்டிலை ஓர் ஆள் உயரத்துக்கு மேலே வையுங்கள், முடிந்தது.

#11 காசிமேடு_அலை

எங்கே மேலே வைப்பது, அண்ணா? எங்கள் வீடு பத்துக்குப் பத்து. அதிலேயே அடுப்பு, அதிலேயே படுக்கை, மூலையில் மறைப்பு கட்டிக் குளிக்கிற இடம். சுவரில் ஓர் அலமாரி, அதில் சாமி படமும் பிள்ளைகள் புத்தகமும். கார்ப்பரேஷன் குழாய் தண்ணீரைப் பிடித்து நிரப்புகிற பாட்டிலும் பினாயில் பாட்டிலும் ஒரே தரையில்தான் நிற்கும். இருட்டில் எழுந்து தண்ணீர் குடிக்கிற ஆயாவுக்குக் கண் மங்கல், எழுத்தும் தெரியாது.

அதனால் லேபிளைத் தமிழில் போட்டால் மட்டும் எங்களுக்குப் போதாது. பாட்டிலே வேறு மாதிரி இருக்க வேண்டும். ஐரோப்பாவில் ஆசிட் மாதிரிப் பொருட்களுக்குப் பிள்ளைகளால் திறக்க முடியாத, அழுத்தித் திருகுகிற மூடி கட்டாயம் என்று படித்தேன். கண் தெரியாதவர்கள் தடவிப் பார்த்தாலே தெரிகிற மாதிரி மேடான ஒரு முக்கோணமும் பாட்டிலில் இருக்குமாம். அமெரிக்காவில் 1970லேயே இந்த மூடிக்குச் சட்டம் வந்துவிட்டது. இங்கே நாம் என்ன கேட்டாலும் விலை ஏறும் என்கிறார்கள். குடிக்கிற பாட்டிலில் விஷத்தை ஊற்றி விற்கக்கூடாது என்று சொல்ல எவ்வளவு செலவு ஆகும்?

எங்கள் வீட்டில் இப்போதைக்கு, தண்ணீர் இருப்பது சொம்பும் குடமும் மட்டும் என்று ஆக்கிவிட்டேன். பிளாஸ்டிக் பாட்டில் என்றாலே குடிக்கிற பொருள் இல்லை என்று பிள்ளைகளுக்குப் பழக்கியாயிற்று. பள்ளிக்கூடத்துக்கு எவர்சில்வர் பாட்டில்.

#12 ஓய்வுபெற்ற_சிஸ்டர்

காசிமேட்டுத் தங்கச்சி செய்தது நல்ல ஏற்பாடு. எருக்கஞ்சேரி தம்பி, இந்தப் பக்கத்துப் பாதி வீடுகளில் மேலே என்று ஓர் இடமே கிடையாது. அந்தத் தாய்மார்களை ஆஸ்பத்திரியில் "பார்த்து வைக்கக்கூடாதா" என்று எல்லாரும் திட்டுவார்கள். அவள் ஏற்கெனவே அழுதுகொண்டு நிற்பாள். பாட்டிலை அப்படி விற்றவரை ஒருவரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

#13 வியாசை_குழு_அக்கா

எல்லாரும் எழுதியதைக் குழுவில் படித்துக் காட்டினேன். சண்டையும் நடந்தது, அப்புறம் ஒரு முடிவுக்கும் வந்தோம். இனிமேல் வாட்டர் பாட்டில், கூல்டிரிங்ஸ் பாட்டில் எடுக்கப் போவதில்லை. வெள்ளை நிறக் கேன் மொத்தமாக எடுத்தால் கொஞ்சம்தான் அதிகம், அதை விலையில் ஏற்றிக்கொள்கிறோம். லேபிளுக்கு இப்படி எழுதியிருக்கிறோம், சரியா பாருங்கள்:

வெள்ளை பினாயில். தரை துடைக்க மட்டும். குடித்தால் ஆபத்து. குழந்தைகள் கைக்கு எட்டாமல் வைக்கவும். குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகவும். 108.

#14 ஓய்வுபெற்ற_சிஸ்டர்

ஐயோ அக்கா, அந்த "வாந்தி எடுக்க வைத்து" வரியை முதலில் எடுங்கள். "வாந்தி எடுக்க வைக்க வேண்டாம். இந்தக் கேனையும் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவும்" என்று போடுங்கள். உள்ளே பைன் ஆயிலும் எமல்சிஃபையரும் இருக்கிறது என்பதையும் போடுங்கள், டாக்டருக்கு அதுதான் வேண்டும். எமல்சிஃபையரின் சரியான பெயரை காம்பவுண்டு கொடுக்கிறவரிடம் கேட்டு வாங்குங்கள். மணலி தம்பி சொன்ன "வேறு எதனோடும் கலக்க வேண்டாம்" என்பதைப் பெரிய எழுத்தில்.

#15 பாரிமுனை_வக்கீல்

குழுவின் பெயர், முகவரி, போன் எண், எத்தனை லிட்டர், அதிகபட்ச விலை, தயாரித்த மாதம் வருடம், ஒரு லிட்டருக்கு என்ன விலை, இவ்வளவும் வேண்டும். இவற்றை ஆங்கிலத்திலும் போட்டாக வேண்டும், தமிழில் மட்டும் போட்டால் 2011 விதிப்படி செல்லாது. எச்சரிக்கை தமிழில் பெரிதாக இருக்கட்டும், விவரங்கள் இரண்டு மொழியிலும் இருக்கட்டும்.

#16 ரயில்வேகேட்_வாசி

தமிழ்நாட்டில் தமிழில் மட்டும் லேபிள் போட்டால் செல்லாது, ஆங்கிலத்தில் மட்டும் போட்டால் செல்லும். இந்த ஒரு விதியை மாற்றச் சொல்லியே தனியாக மனு போட வேண்டும். வக்கீல் சார், வரைவு எழுதிக் கொடுத்தால் கையெழுத்து வாங்குகிற வேலையை நான் பார்க்கிறேன்.

#17 மளிகை_மூலக்கடை

அக்கா, லேபிள் ஒட்டின கேன் வந்தால் என் கடையில் வைக்கிறேன். பெயர் இல்லாத பாட்டில் இந்த ஸ்டாக்கோடு சரி. பேப்பர் லேபிள் பாத்ரூம் ஈரத்தில் இரண்டு நாளில் உரிந்துவிடும், பிளாஸ்டிக் ஸ்டிக்கராக அடியுங்கள். மின்ட் பக்கம் அச்சடிக்கிறார்கள், ஆர்டர் போடும்போது சொன்னால் என் கணக்கில் சேர்த்துப் போடச் சொல்கிறேன்.

ஆனால் வண்டிக்காரர்களை என்ன செய்வது? ஆசிட் அவர்களிடம்தானே இருக்கிறது.

#18 மணலி_ஷிப்ட்

வண்டிக்காரரை விரட்டினால் அடுத்த தெருவுக்குப் போவார். அவருக்குக் கேன் கொடுக்கிற மொத்த வியாபாரியைப் பிடிக்க வேண்டும். டிரம்மோடு பாதுகாப்புத் தகவல் தாள் அவரிடம் வந்திருக்கும், லேபிள் எப்படி இருக்க வேண்டும் என்றும் அவருக்குத் தெரியும். ஒரு கேன் விற்றால் அதில் எத்தனை பாட்டில் ஊற்றலாமோ அத்தனை ஸ்டிக்கரைக் கூடவே கொடுக்கச் சொல்லலாம். அரிக்கிற படம், "ஆசிட்", "குடிக்காதே", "கலக்காதே". ஒரு ஸ்டிக்கருக்கு என்ன பெரிய செலவு? ஞாயிற்றுக்கிழமை எனக்கு லீவு. பாரிமுனைக் கடைகள் அன்று மூடியிருக்கும், அதனால் திங்கட்கிழமை காலை ஷிப்டை மாற்றிக்கொண்டு வருகிறேன். கூட வருகிறவர்கள் இங்கேயே எழுதுங்கள்.

#19 காசிமேடு_அலை

நான் வருகிறேன். ஆயா வீட்டுப் பாட்டிலையும் எடுத்து வருகிறேன், பார்க்கட்டும்.

#20 எருக்கஞ்சேரி_அப்பா

திங்கள் பத்து மணிக்கு மேல் என்றால் நானும் வருகிறேன்.